இரண்டு சுருதிக்கு நடுவே ஓர் உறுமல்

எங்கள் வீட்டில் இசை செய்கிறவர்கள் இரண்டு பேர், நானும் என் கணவரும். இரண்டு பேருக்கும் பாட வராது. கீபோர்டு, கிட்டார் எதையும் உருப்படியாக வாசிக்கவும் வராது. சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்த எனக்கு, பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று அன்பாகச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. நாற்காலி எடுத்துப் போடும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டு, கோலார் தங்கவயல் பாலகாட்டில் என் அப்பா அம்மா வீட்டிலேயே குடியிருந்துகொண்டு, மின்சாரத்தை வைத்து இசை செய்கிறோம் என்றால் யார் நம்புவார்கள்? யாரும் நம்பவில்லை. நாங்களும் யாரிடமும் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

என் இசை லேப்டாப்புக்குள் இருக்கிறது. எனக்குப் பெங்களூரில் வேலை. காலை ரயிலில் போய் இருட்டியபின் திரும்புகிற கே.ஜி.எஃப். கூட்டத்தில் நானும் ஒருத்தி. ரயில் புறப்படும் இடத்திலேயே ஏறிவிடுவதால் ஜன்னலோரம் கிடைத்துவிடும். பங்காருப்பேட்டைக் கூட்டம் ஏறி முட்டி மோதுவதற்குள் லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு விடுவேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் சுருதி எழுப்பும். இன்னொன்று ஒலியைக் கூட்டிக் குறைக்கும். மற்றொன்று கீச்சிடும் பகுதியை வடிகட்டிவிடும். ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குக் கோடு இழுத்தால் சத்தம் அந்த வழியே ஓடும். வரிவரியாக எழுதுகிற புரோகிராம் இல்லை இது, வரைகிற புரோகிராம். பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருவர் நெடுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு, எந்த பில்டிங்குக்கு வயரிங் பிளான் போடுகிறேன் என்று கேட்டார். பாட்டு என்று சொல்லி, இயர்போனில் ஒன்றை அவர் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அதை என்னிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, சீக்கிரம் ரிப்பேர் சரியாகிவிடும், கவலைப்படாதே என்று தேற்றினார்.

அவருடைய இசை மேஜைமேல் இருக்கிறது. கோலாரில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் வேலை அவருக்கு. சால்டரிங் கம்பியைப் பிடித்த கை சும்மா இருக்காது. பாகம் பாகமாக வாங்கி, தானே பற்றவைத்து, தானே அடித்த மரச்சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி ஒரு மாடுலர் சிந்தசைசர் செய்து வைத்திருக்கிறார். நான் திரையில் வரைகிற ஒவ்வொரு கட்டமும் அங்கே ஓர் இரும்புத் தகடு. தகட்டில் குமிழ்கள், ஓட்டைகள், மினுக்கும் விளக்குகள். நான் கோடு இழுக்கிற இடத்தில் அவர் வயர் சொருகுகிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று தொங்கும். நான் அதற்கு டெலிபோன் எக்சேஞ்ச் என்று பெயர் வைத்தேன். அவர் என்னுடையதற்கு எக்ஸெல் பாட்டு என்று பெயர் வைத்தார். நான் வைத்த பெயர் பரவாயில்லை. அவர் வைத்தது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

இரண்டில் எது உசத்தி என்கிற சண்டை கல்யாணத்துக்கு முன்பே, நாங்கள் பழகிய அந்த ரயிலிலேயே ஆரம்பித்தது. என் கட்சி சுலபமானது. எனக்கு நூறு சுருதி வேண்டுமென்றால் ஒரு கட்டத்தை நூறு முறை ஒட்டினால் போதும். அவருக்கு இன்னொரு சுருதி வேண்டுமென்றால் இன்னொரு தகடு செய்ய வேண்டும். நான் தப்புப் பண்ணினால் ஒரு பட்டனில் பழையபடி ஆகிவிடும். ராத்திரி சேமித்து மூடினதை மறுநாள் ரயிலில் திறந்தால், இம்மி பிசகாமல் அதே சத்தம். அவருக்கோ சேமிக்கிற பேச்சே கிடையாது. வயரைப் பிடுங்கினால் பாட்டு போச்சு. மொபைலில் போட்டோ எடுத்து வைத்து, அதைப் பார்த்துத் திரும்பச் சொருகுவார். ஆனால் குமிழ் ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் வேறு சத்தம். வெயில் ஏறினால் சுருதி தானாக நகரும். கரண்ட் போனால் எக்சேஞ்ச் இருட்டாகிவிடும், என் லேப்டாப் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போகாத நாள் எங்கள் ஊரில் அபூர்வம் என்பதால் இந்த வாதத்தில் நான் அடிக்கடி ஜெயித்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் திரையில் நடப்பது எல்லாமே எனக்குத் தெரிந்துதான் நடக்கும். நான் போட்ட கோடு, நான் கொடுத்த எண். சில நாள் அதுவே சலிப்பாக இருக்கும். அவருடைய மேஜையில் அவருக்கே தெரியாதது நடக்கும். ஏதோ ஒரு வயரைச் சொருகிவிட்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்கார்வார். அந்த முகத்துக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் இடம் கொடுத்தது அம்மா. வீட்டை ஒட்டிப் பின்னால் கட்டிய அறையை வாடகைக்கு விட வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மெஷினை எங்கே வைப்பார் என்று ஒரே கேள்வியில் அம்மா அதை முடித்துவிட்டாள். அவர் வீட்டோடு மாப்பிள்ளை என்று தெருவில் கிண்டல் பேசினவர்களுக்கு, எங்கள் வீட்டில் மெஷின் ஓடுது என்று பெருமையாகப் பதில் சொன்னாள். அது என்ன மெஷின் என்று அவளுக்குத் தெரியாது. கருவேப்பிலை உருவிக்கொண்டே எங்கள் அறை வாசலில் வந்து உட்காருவாள். பொறுமையாகக் கேட்பாள். அரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"நல்லாதான் இருக்குது மாப்ள. பாட்டு எப்ப வரும்?"

பெங்களூரில் ஒரு சின்ன அரங்கில் ஒரு சனிக்கிழமை மாலை எங்களை வாசிக்கக் கூப்பிட்டபோது நாங்கள் முதலில் சொன்னது அம்மாவிடம்தான். அவளும் வருவதாகச் சொன்னாள். ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்ப் புதுப் புடவை எடுத்தாள். சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அரங்கில் யார் வருவார்கள், கைதட்டுவார்களா என்பதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வாசலில் குந்திக்கொண்டு கேட்டவள், ஒரு நாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முன்வரிசையில், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அது ரொம்ப வேண்டியிருந்தது.

அரங்கில் வாசிப்பதற்காக ராபர்ட்சன்பேட்டை சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவரிடம் அடிச்சத்தத்துக்கென்றே இருக்கிற பெரிய ஸ்பீக்கர், பழைய பேஸ் பாக்ஸ் ஒன்று வாங்கி வந்தோம். கல்யாண வீடுகளில் அலறி அலறி ஓய்ந்த பெட்டி. அதற்கு முன்பு நான் இயர்போனிலும் அவர் சின்ன ஸ்பீக்கரிலும்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். பெட்டி வந்த பிறகுதான் அடிச்சுருதி என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு விளங்கியது. இரண்டு பேரும் ஒரே அடிச்சுருதியைப் போட்டுப் பார்த்தோம். என்னுடையது நட்டுவைத்தது மாதிரி நின்றது. அவருடையது வெயிலுக்கு மெல்ல நகர்ந்தது. இரண்டும் சரியாகச் சேராமல், ரொம்பவும் விலகாமல், ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும்போது நடுவில் மூன்றாவதாக ஒன்று கிளம்பியது. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்குகிற ஓர் உறுமல். அது என் கட்டத்திலும் இல்லை, அவர் தகட்டிலும் இல்லை. ஒருவரை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொந்தமான முதல் சத்தம் அதுதான். இதைத்தான் வாசிக்கப் போகிறோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததிலேயே முடிவாகிவிட்டது.

அரங்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முறை முழுசாக வாசித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். பெட்டியின் ஒலியை அன்றைக்குத்தான் நன்றாக ஏற்றினோம். அம்மா அடுப்படியில் கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்பக்கம் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உறுமல் ஏறியது. மேலே தகரக் கூரை அதோடு சேர்ந்து அதிர்ந்தது. அடுப்படி அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன. பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டிலும் ஏதோ விழுந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம்.

அடுப்பில் குழம்பு தீயும் வாசம் வந்தபிறகுதான் எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா இல்லை. அடுப்பை அணைத்தேன். வாசலில் அவள் செருப்பும் இல்லை. அம்மா எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்குக் காது மந்தம். சுரங்கத்தில் டிரில் மெஷின் பிடித்த காது. இரண்டாம் முறை கத்திக் கேட்டதும், இப்போதுதான் இப்படி ஓடினாள் என்று ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். காட்டிவிட்டு, தீய்ந்த வாசத்துக்கு மூக்கை உறிஞ்சினார். பிறகு என் முகத்தையும், பின் அறையையும், ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் கதவையும் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார்.

ராக் பர்ஸ்ட் என்றால் எங்கள் ஊரில் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பூமிக்குக் கீழே வெகு ஆழத்தில், தங்கத்துக்காகக் குடைந்த இடத்தில், பாறை பாரம் தாங்காமல் வெடிக்கும். மேலே வீடு உறுமும், பாத்திரம் ஆடும். ஆடினதும் பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு, சுரங்கக் குழி வாசலான ஷாப்ட் கேட்டுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு, கேஜ், மேலே வர வர, அதிலிருந்து யார் யார் இறங்குகிறார்கள் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அம்மா அப்படிப் பல முறை ஓடியிருக்கிறாள். இடுப்பில் என்னைத் தூக்கிக்கொண்டும் ஓடியிருக்கிறாள். அப்பா ஒவ்வொரு முறையும் இறங்கி வந்தார். அடுத்த வீட்டு அத்தையின் வீட்டுக்காரர் ஒரு முறை வரவில்லை. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குடைந்த இடமெல்லாம் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. எப்போதாவது லேசாக ஆடும், அதற்கு யாரும் ஓடுவதில்லை. ஆனால் இவ்வளவு நீளமாக, இவ்வளவு கனமாக ஆடி ரொம்ப நாளாகியிருந்தது.

அப்பாவும் நானும் என் கணவரும் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஷாப்ட் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். அடுத்த வீட்டு அத்தையும் பக்கத்தில் நின்றிருந்தாள். கேட்டில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே இடுப்பளவு செடி. இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கையில் இன்னும் கரண்டி இருந்தது. அப்பா பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முகத்தில் கோபம்தான் முதலில் வந்தது.

"நீங்க எப்ப மேல வந்தீங்க?"

அப்பாவுக்கு அது காதில் விழவில்லை, ஆனால் உதடு புரிந்துவிட்டது. அவளையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரொம்ப நாள் ஆச்சிமே," என்றார். "வா, வூட்டுக்குப் போலாம். கொழம்பு தீஞ்சிடிச்சி."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷனை உரசிக்கொண்டுதான் அவள் வெளியே ஓடியிருக்கிறாள். அவரைத் தேடி. அதை நினைத்து அன்று சாயந்திரமே நாங்கள் சிரித்தோம். அடுத்த வீட்டு அத்தையும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே, இல்லாத புருஷனுக்காக நானும் ஓடினேனே என்று சொல்லிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். எங்களைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் புதுப் புடவையை மடித்து பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். சனிக்கிழமை தான் வரவில்லை, எங்களை மட்டும் போய்வரச் சொன்னாள். கால் வலி என்றாள். அது கால் வலி இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கருவேப்பிலை உருவ வாசலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். அந்த வெறும் வாசலைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

உறுமலை எடுத்துவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். எடுத்துவிட்டு வாசித்தும் பார்த்தோம். இரண்டு பேர் தனித்தனியே பேசிக்கொண்டிருப்பது போல இருந்தது, பொருந்தவே இல்லை. அப்புறம் என் புத்தி வேலை செய்தது. அவருடைய அடிச்சுருதியை அப்படியே ஒரு கட்டமாக என் திரையில் வரைந்துவிட்டேன். நகர்வதற்குக்கூட ஒரு கட்டம் போட்டு, எப்போது நகர வேண்டும், எப்போது உறும வேண்டும் என்று எண் கொடுத்துவிட்டேன். இனி உறுமல் சொன்ன நேரத்துக்கு வரும், சொன்ன அளவு வரும். ரயிலில் வரைந்ததை வீட்டுக்கு வந்து அவருக்குப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டார். ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்றார். அப்படியானால் சனிக்கிழமை எதற்குத் தன்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், லேப்டாப்பே போதுமே என்றார். அதைக் கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் அடுப்படிக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவ்வளவு பயமாக இருந்ததா என்று கேட்டேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"சத்தத்துக்கு இன்னாடி பயம்? எத்தினி கேட்டிருக்கோம். எப்ப வரும்னு தெரியாது பாரு. சோறு வடிச்சிகினு இருப்போம், புள்ளைக்குத் தல சீவிகினு இருப்போம். அது பாட்டுக்கு வரும். நாம இன்னா பண்ண முடியும்? ஓடணும். அவ்ளோதான்."

சொல்லிவிட்டு அவரைக்காயைத் தள்ளி வைத்தாள். எனக்கு அழுகை வந்தது, அவளுக்குத் தெரியாமல் அழுதேன். பிறகு பின்னறைக்குப் போய், அவள் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். இரண்டு நாளாகப் பேசாதவர் எழுந்து, சட்டத்திலிருந்த பெரிய கறுப்புக் குமிழைத் தொட்டார். இதை அவங்க கையில் கொடுத்தால் என்ன என்றார். அதேதான் எனக்கும் வாய்நுனியில் இருந்தது. ஆனால் முந்திக்கொண்டது அவர்.

அதுவரை எங்கள் இரண்டு மெஷினும் ஒரே அறையில் இருந்தனவே தவிர, ஒன்றுக்கொன்று வயர் கிடையாது. அன்றைக்குத்தான் முதல் வயர் போட்டோம். அவருடைய குமிழிலிருந்து வோல்டேஜ் புறப்பட்டு, அதை எண்ணாக மாற்றுகிற ஒரு சின்னப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து என் திரைக்கு வந்தது. நான் அந்த எண்ணை இரண்டு கட்டங்களுக்குக் கோடு இழுத்தேன். ஒன்று என் சுருதியை நகர்த்தும், மற்றொன்று பேஸ் பாக்ஸின் ஒலியை ஏற்றி இறக்கும். குமிழை வலப்பக்கம் திருகினால் என் சுருதி அவர் சுருதியை நெருங்கும், உறுமல் ஏறும். இடப்பக்கம் திருகினால் இரண்டும் விலகிச் சாதுவாகிவிடும். அவர் சுருதி வெயிலுக்கு நகர்வதை மட்டும் நாங்கள் தொடவில்லை. குமிழைக் கையில் வைத்திருக்கிறவர் அதை விடாமல் துரத்த வேண்டும். எனக்கும் அது பிடித்திருந்தது, இதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

அம்மாவைக் கூப்பிட்டு மேஜைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தோம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டு அத்தையிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவும் வந்து வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். அவருக்குக் காதில் என்ன விழும் என்று எனக்குத் தெரியாது. என் கணவர் குமிழைக் காட்டினார். இது உங்கள் கையில்தான், நீங்கள் திருகினால்தான் வரும், பின்னால் திருகினால் நின்றுவிடும் என்றார். அம்மா அதை இரண்டு விரலால் பிடித்தாள், கொதிக்கும் மூடியைப் பிடிப்பது போல.

கொஞ்சம் திருகினாள். உறுமல் தலை காட்டியது. சட்டென்று பின்னால் திருகினாள். நின்றது. எங்களைப் பார்த்தாள். மறுபடி திருகினாள், மறுபடி நிறுத்தினாள். அதை நிறுத்த முடிகிறது என்பதை அவளால் சுலபத்தில் நம்ப முடியவில்லை. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அப்புறம் நிறுத்தாமல் பிடித்துக்கொண்டாள். சுருதி நகர்ந்தது, அவள் கையும் கூடவே நகர்ந்தது. கூரை அதிர ஆரம்பித்தது. அடுப்படியில் பாத்திரங்கள் பேசின. வாசலில் அப்பா குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார்.

"பெங்களூர்ல இத யாரு திருப்புவாங்க?" என்றாள் அம்மா, குமிழிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க வந்தா நீங்க, அத்தை," என்றார் என் கணவர். " இல்லன்னா இது இல்லாமத்தான் வாசிக்கணும்."

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். அப்பா அங்கேயே நின்றிருந்தார். நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"கீழ யாரும் இல்ல," என்றாள். குமிழை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருகினாள்.